திரைச்சீலைக்குப் பின்னால் நிற்கும் பையன்

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு மூன்று வயது இரண்டு மாதம். ஒண்ணுக்கு வந்தால் இரண்டரை வயதிலிருந்தே சொல்லிவிடுகிறான், பாத்ரூமுக்கு ஓடுகிறான். கக்கா மட்டும் டயப்பரில்தான். டயப்பர் மாட்டிவிட்டால் ஹால் ஜன்னல் திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றபடியே போவான். டாய்லெட்டில் உட்கார வைத்தால் ஒரே கூப்பாடு. ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும். டயப்பரோடு அனுப்பக் கூடாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அதனால் ஒரு மாதத்துக்கு முன்பு டயப்பரை ஒரேயடியாக நிறுத்தினேன். அன்றிலிருந்து நாலு நாள், ஐந்து நாள் அடக்கிக்கொள்கிறான். போகும்போது கல் மாதிரி, சில சமயம் ரத்தக் கோடு. மாமியார் இரண்டு முறை வெற்றிலைக் காம்பு வைத்து எடுத்தார்கள். பத்து நாளாக ஜட்டியில் கறை கறையாகப் படுகிறது. வேண்டுமென்றே செய்கிறானோ என்று போன வாரம் அடித்துவிட்டேன். ஐந்து மாதத்தில் ஒரு பெண் குழந்தையும் இருக்கிறாள். கணவர் பனியன் கம்பெனியிலிருந்து வீடு வர ஒன்பது மணியாகிறது. "உன் புருஷனை ஒரு வயசுலயே பழக்கிட்டேன், நீங்கதான் டயப்பர் போட்டுக் கெடுத்துட்டீங்க" என்கிறார் மாமியார். இவன் ஏன் இப்படி அடம் பிடிக்கிறான்? ராத்திரி டயப்பரையும் நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

ஜட்டியில் படும் அந்தக் கறையிலிருந்தே தொடங்குகிறேன். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுதான். அவன் அதை வேண்டுமென்று செய்யவில்லை. அது வெளியே வருவதே அவனுக்குத் தெரியாது.

மலம் நாலைந்து நாள் உள்ளே தங்கினால் குடல் அதிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலம் இறுகிப் பெரிய உருண்டையாகத் திரளும். மலக்குடலும் அதற்கேற்ப ரப்பர் பை மாதிரி விரிந்துகொடுக்கும். சாதாரணமாக அந்தப் பையின் சுவர் லேசாக விரிந்தாலே 'வருகிறது' என்ற உணர்வு வந்துவிடும். எந்நேரமும் விரிந்தே கிடந்தால் அந்த உணர்வு மங்கிப்போகிறது. வாய்க்காலில் பெரிய கல் ஒன்று அடைத்துக்கொண்டால் பின்னால் வரும் தண்ணீர் கல்லின் ஓரமாகக் கசிந்து வருமே, அதேபோல மேலே இருக்கும் இளகிய மலம் அந்த உருண்டையின் ஓரமாகக் கசிகிறது. நீங்கள் பார்க்கும் கறை அதுதான். சில வீடுகளில் இதை வயிற்றுப்போக்கு என்று நினைத்துப் போக்கை நிறுத்தும் மருந்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அடைப்பு இன்னும் இறுகிவிடும். தயவுசெய்து அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

அடித்ததை நீங்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். கைக்குழந்தையோடு ராத்தூக்கம் இல்லாமல், வீட்டில் ஆளாளுக்குச் சொல்லும் பேச்சையும் கேட்டுக்கொண்டு இருக்கிறீர்கள். கை ஓங்கிய அந்த நொடி எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. இன்று ராத்திரி அவனை மடியில் உட்கார வைத்து, "அம்மா அடிச்சது தப்பு. உனக்கு வலிக்குதுன்னு அம்மாவுக்குத் தெரியாமப் போச்சு. இனிமே அடிக்க மாட்டேன்" என்று சொல்லுங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும்.

இப்போது 'அடம்' என்ற சொல்லுக்கு வருகிறேன். என் கிளினிக்குக்கு மாதம் இரண்டு மூன்று குழந்தைகளாவது இதே பிரச்சினையோடு வருகிறார்கள். காத்திருக்கும் அறையிலேயே அது தெரிந்துவிடும். விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று நின்றுவிடும். சுவரையோ நாற்காலிக் கையையோ பிடித்துக்கொள்ளும். குதிகால் மேலே எழும்பும், முழங்கால்கள் விறைக்கும், இரண்டு தொடையும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறும். முகம் சிவந்து நெற்றியில் வியர்வை பொடிக்கும். "பாவம், முக்குறான் டாக்டர், வர மாட்டேங்குது" என்பார் அம்மா. கால்களைப் பாருங்கள் என்பேன். வெளியேற்ற நினைக்கிற உடம்பு குந்தும், மடங்கும். இந்தக் குழந்தை நிமிர்ந்து விறைத்து நிற்கிறது. தன் முழுப் பலத்தையும் போட்டு உள்ளே இழுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு நிமிடத்தில் அந்த உந்துதல் அடங்கிவிடும், குழந்தை மறுபடியும் விளையாடப் போய்விடும். அன்றைக்கு ஜெயித்துவிட்டது. அடுத்த முறை வெளியே வரப்போவது இன்னும் பெரிதாக, இன்னும் கெட்டியாக இருக்கும்.

உங்கள் மகனும் திரைச்சீலைக்குப் பின்னால் இப்படித்தான் நிற்கிறானா என்று ஒருமுறை ஓரமாக இருந்து பாருங்கள். அவனுக்குத் தெரிய வேண்டாம்.

இதன் தொடக்கம் பெரும்பாலும் ஒரே ஒரு வலி. காய்ச்சலில் சரியாகச் சாப்பிடாத ஒரு வாரமோ, ஊருக்குப் போய்த் தண்ணீர் குடிக்காத இரண்டு நாளோ, எப்போதோ ஒருநாள் கெட்டியாகப் போயிருக்கும். ஆசனவாயில் சின்ன வெடிப்பு விழுந்திருக்கும். நீங்கள் பார்த்த ரத்தக் கோடு அனேகமாக அந்த வெடிப்பிலிருந்து வருவதுதான். குழந்தை ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறது: போனால் வலிக்கும், போகாமல் இருந்தால் வலிக்காது. மூன்று வயது மூளைக்கு இதைவிட நியாயமான முடிவு கிடையாது. அடக்க அடக்க மலம் கெட்டியாகிறது, கெட்டியானது வெளியே வரும்போது மறுபடி வலிக்கிறது, பயம் உறுதிப்படுகிறது. இதற்கு நடுவில்தான் நாம் டயப்பரைப் பிடுங்கிக்கொண்டு டாய்லெட்டைக் காட்டுகிறோம். பயந்து நடுங்குகிற பிள்ளையிடமிருந்து இருந்த ஒரே பழகிய இடத்தையும் எடுத்துவிடுகிறோம்.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதும் இல்லை. அமெரிக்காவில் 482 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1997இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை சிறுநீருக்கு டாய்லெட்டைப் பயன்படுத்திக்கொண்டே மலத்துக்கு மட்டும் ஒரு மாதமாவது மறுத்தது தெரிந்தது. தம்பி தங்கை உள்ள வீடுகளில் இது கூடுதலாகக் காணப்பட்டது. உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று அவன் கண்ணால் பாருங்கள். பாப்பா டயப்பரில் போனால் எல்லோரும் கொஞ்சிக்கொண்டே மாற்றுகிறார்கள். அவன் போனால் திட்டு.

வெற்றிலைக் காம்பு பற்றி. விளக்கெண்ணெயில் தோய்த்த காம்பு, சோப்புத் துண்டு எல்லாம் நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக வருகிற கைவைத்தியம். பாட்டிமார் பாசத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் ஏற்கெனவே வெடித்திருக்கும் இடத்தில், ஓடப் பார்க்கிற பிள்ளையைப் பிடித்து அழுத்திக்கொண்டு எதை வைத்தாலும் அவன் மனதில் பதிவது ஒன்றுதான்: அந்த இடத்தை யாரும் நெருங்க விடக் கூடாது. அதற்குப் பிறகு இன்னும் இறுக்கிப் பிடிப்பான். இதே காரணத்துக்காக எனிமாவும் ஆசனவாய் மாத்திரையும் வீட்டில் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். பேதிக்கு விளக்கெண்ணெய் புகட்டுவதும் வேண்டாம், வயிற்றை முறுக்கி வலிக்கவைக்கும். மாமியாரிடம் "டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டாங்க அத்தை" என்று பழியை என் மேல் போட்டுவிடுங்கள்.

அவரிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. ஒரு வயதில் பழக்கினேன் என்று அவர் சொல்வது பொய்யில்லை. அந்தக் காலத்தில் குழந்தை பெரும்பாலும் ஜட்டி இல்லாமல் திரிந்தது. யாராவது ஒருவர் எந்நேரமும் பக்கத்தில் இருந்தார். முகம் மாறியவுடன் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய், காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதங்களின் மேல் குழந்தையைக் குந்த வைத்து, 'உஸ்ஸ்' என்று சத்தம் கொடுப்பார்கள். அந்த வயதில் பழகுவது பெரும்பாலும் பெரியவரின் கண்ணும் காதும்தான். குழந்தை தானாக உணர்ந்து, அடக்கி, இடம் தேடிப் போகிற திறமை இரண்டு வயதுக்கு மேல்தான் மெல்ல மெல்ல வருகிறது. ஆனால் அந்தக் குந்தும் நிலை இருக்கிறதே, உடலமைப்புப்படி அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. முழங்கால் இடுப்பைவிட உயர்ந்தால் ஆசனவாய்க்கு மேலே வளைந்து இழுத்துப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து பாதை நேராகிறது. வெஸ்டர்ன் டாய்லெட்டில் கால் தொங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இது நடக்காது. உள்ளே விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனால் தசையைத் தளர்த்த முடியுமா? இந்தியன் டாய்லெட்டிலும் கால் வைக்கும் மேடைகள் பெரியவர் அளவுக்கு அகலமாக இருக்கின்றன.

சரி, என்ன செய்வது?

முதலில், டயப்பரை அவனிடம் திருப்பிக் கொடுங்கள். இன்றைக்கே. "கக்கா வந்தா அம்மாகிட்ட டயப்பர் கேளு, போட்டுவிடறேன்" என்று சாதாரணக் குரலில் சொன்னால் போதும். இது தோற்றுப்போவது ஆகாது. இப்போது நமக்கு வேண்டியது அவன் தினமும் வலியில்லாமல் போக வேண்டும் என்பது மட்டுமே. எங்கே போகிறான் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, இந்த வாரமே ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தே பல சமயம் அந்த உருண்டையைக் கண்டுபிடித்துவிடுவார். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொடியையோ லாக்டுலோஸ் என்ற சிரப்பையோ எழுதித் தருவார். இரண்டும் குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பிடித்து வைத்து மலத்தை இளக்குபவை. முதல் சில நாள் அளவு கூடுதலாக இருக்கும், தேங்கியது வெளியேற வேண்டுமல்லவா? அந்த நாட்களில் கறையும் கசிவும் கூடத்தான் செய்யும், பயப்பட வேண்டாம். அப்புறம் அளவைக் குறைத்துத் தினமும் தொடர வேண்டும்.

பெரும்பாலான வீடுகளில் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஒரு வாரம் நன்றாகப் போனதும் "மருந்து பழக்கமாயிடும்" என்று நிறுத்திவிடுகிறார்கள். மருத்துவர் சொல்லும் முறையில் கொடுத்தால் இந்த மருந்துகளால் குடல் சோம்பிப் போவதில்லை. விரிந்துபோன மலக்குடல் பழைய அளவுக்குச் சுருங்கி, உணர்வு திரும்புவதற்கு மாதக்கணக்கில் ஆகும். இரண்டு மூன்று மாதமாவது தொடர வேண்டியிருக்கும், சில குழந்தைகளுக்கு அதற்கு மேலும். மசித்த வாழைப்பழப் பதத்தில் தினமும் ஒருமுறை, வலியில்லாமல் போக வேண்டும். அந்தப் பதம் வாரக்கணக்கில் நிலைத்தால்தான் அவன் போட்டுவைத்திருக்கும் பழைய கணக்கு அழியும். மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்லி நடக்கட்டும்.

வெடிப்பு ஆறும்வரை ஹெல்த் ஃபாசெட்டைத் தூர வையுங்கள். அந்த வேகமான தண்ணீர் காயத்தில் பட்டால் பெரியவர்களுக்கே உயிர் போகும். மக்கில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துக் கையால் மெதுவாகக் கழுவிவிடுங்கள். சாயங்காலம் ஒரு டப்பில் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் உட்கார்ந்து விளையாடட்டும்.

சாப்பாட்டில் நான் முதலில் கேட்பது பால் எவ்வளவு என்றுதான். மூன்று வயதிலும் காலை ஒரு பாட்டில், மதியம் ஒரு பாட்டில், ராத்திரி ஒரு பாட்டில் என்று பாலிலேயே வயிறு நிறைக்கும் பிள்ளைகள் ஏராளம். பசி போய்விடும், சோறு காய் இறங்காது, மலம் இறுகும், இரும்புச்சத்தும் குறையும். ஒரு நாளைக்கு 400 மில்லியைத் தாண்ட வேண்டாம். பாட்டிலை விட்டு டம்ளருக்கு வாருங்கள். பாலோடு தொட்டுக்கொள்ளும் பிஸ்கட்டும் மைதாதான். நார்ச்சத்துக்கு ஓர் எளிய கணக்கு உண்டு: குழந்தையின் வயதோடு ஐந்தைக் கூட்டினால் ஒரு நாளைக்குத் தேவையான கிராம். உங்கள் மகனுக்கு எட்டு கிராம். 100 கிராம் கொய்யாவிலேயே ஐந்து கிராமுக்குக் குறையாமல் இருக்கிறது. கொய்யா சளி பிடிக்கும் என்று பயப்படாதீர்கள். பொடியாக நறுக்கிக் கொடுங்கள். பப்பாளி, ராத்திரி ஊற வைத்த உலர் திராட்சை, சாம்பாரில் மசிந்த கீரை, சுண்டல், கேழ்வரகு, இவற்றில் அவன் எதைச் சாப்பிடுவானோ அது. தண்ணீரைச் சின்ன டம்ளரில் அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். ஆனால் ஒன்று, ஏற்கெனவே இறுகிக் கிடப்பதைப் பழமும் தண்ணீரும் மட்டுமே கரைத்துவிடாது. மருந்துக்குப் பதிலாக உணவு என்று நினைத்து நாளைக் கடத்த வேண்டாம்.

மலம் இளகி, இரண்டு மூன்று வாரம் டயப்பரில் அழுகையில்லாமல் போகத் தொடங்கியதும் இடத்தை மாற்ற ஆரம்பிக்கலாம். திரைச்சீலையிலிருந்து டாய்லெட்டுக்கு ஒரே தாவலாகத் தாவ முடியாது, படிப்படியாகத்தான் போக வேண்டும். முதலில் டயப்பரோடு, நின்றபடியே, ஆனால் பாத்ரூமுக்குள். கதவைச் சாத்திக்கொள்ள வேண்டுமென்றால் சாத்திக்கொள்ளட்டும். திரைச்சீலைக்குப் பின்னால் அவன் தேடியது தனிமையைத்தான். அது பழகியதும், டயப்பரோடே குழந்தைகளுக்கான பிளாஸ்டிக் டாய்லெட் சேரில் உட்காரட்டும். தரையில் கால் பாவும், முழங்கால் உயரும். பெரிய டாய்லெட்டில் சின்ன வளையம் போட்டு உட்கார வைப்பதென்றால் காலுக்கு ஒரு மணை போடுங்கள். அதற்கும் பழகிவிட்டால் டயப்பரின் பட்டையைத் தளர்த்துங்கள். அப்புறம் டயப்பரைச் சேருக்குள் விரித்து வைத்து அதன் மேல் உட்காரச் சொல்லுங்கள். ஒருநாள் அது தேவையில்லாமல் போகும். சேர் பிடிக்கவில்லையா? பாத்ரூம் தரையில் பழைய பேப்பரை விரித்துக் குந்த வையுங்கள், நாமெல்லாம் அப்படித்தான் பழகினோம். அதுவும் ஒரு படிதான். ஒரு படியில் மூன்று நாள் ஆனாலும் சரி, மூன்று வாரம் ஆனாலும் சரி. மறுபடி அடக்க ஆரம்பித்தால் ஒரு படி கீழே இறங்கி நில்லுங்கள்.

நேரமும் முக்கியம். வயிற்றுக்குள் சாப்பாடு இறங்கியவுடன் பெருங்குடல் தானாகவே அசைந்து கொடுக்கும். அதனால் காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் முடிந்து கால் மணி நேரம் கழித்து, ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். போனாலும் போகாவிட்டாலும் ஐந்தே நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தை உங்கள் மாமியாரிடம் விட்டுப் பாருங்களேன். அவர் எதிரே ஒரு மணையில் உட்கார்ந்து கதை சொல்லட்டும். மகனைப் பழக்கிய பெருமை பேரனிடமும் தொடரட்டும், குற்றம் சொல்லும் வாய்க்கும் ஒரு வேலை இருக்கும். செல்போன் வேண்டாம், அதில் மூழ்கினால் வயிறு சொல்வது காதில் விழாது. சோப்புக் குமிழி ஊதச் சொல்லுங்கள், இல்லை திருவிழாவில் வாங்கிய பீப்பீ. ஊதும்போது வயிற்றுத் தசை தானாக அழுத்தும், கீழே தசை தளரும். "முக்கு, முக்கு" என்று சொல்லத் தேவையே இருக்காது.

உட்கார்ந்ததற்குப் பாராட்டு, போனதற்கு அல்ல. போவது அவன் கையில் முழுக்க இல்லை, உட்காருவது இருக்கிறது. உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் மாதக் காலண்டரில் அந்தத் தேதிக்கட்டத்தில் உங்கள் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை அவனே ஒட்டட்டும். சிவப்பு வேண்டுமா, பச்சை வேண்டுமா என்று அவனே தேர்ந்தெடுக்கட்டும். போகாத நாளில் பொட்டைப் பிய்க்கக் கூடாது. சைக்கிள் வாங்கித் தருகிறேன் போன்ற பெரிய ஆசைகளும் வேண்டாம். கிடைக்காதபோது அதுவும் ஒரு தோல்வியாகிவிடும்.

இன்னொன்றை உங்களிடம் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் 'கக்கா' என்ற சொல்லை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று ஒருநாள் காது கொடுத்துக் கேளுங்கள். தரையில் கிடக்கும் மிட்டாயை எடுத்தால் "ச்சீ, கக்கா, கீழ போடு". செருப்பைத் தொட்டால் "கக்கா!". மூக்கைப் பொத்திக்கொண்டு "ஐயே, நாத்தம்" என்று சிரிப்போம். இரண்டு வருடமாக 'தொடக் கூடாத அசிங்கம்' என்று சொல்லிக் கொடுத்த அதே சொல்லைச் சொல்லித்தான் "கக்கா போலாம் வா" என்று ஆசையாகக் கூப்பிடுகிறோம். தன் உடம்பிலிருந்து வருவது அசிங்கம் என்று தெரிந்துகொண்ட பிள்ளை திரைச்சீலைக்குப் பின்னால்தானே ஒளிவான்? முன்னர் சொன்ன ஆய்வின் மருத்துவர் குழு 2003இல் இதையும் பரிசோதித்துப் பார்த்தது. முகம் சுளிக்கும் சொற்களைத் தவிர்த்து, டயப்பரில் போனதையும் பாராட்டிய வீடுகளில் இந்த மறுப்பு சீக்கிரமாகத் தீர்ந்தது. செருப்புக்கும் குப்பைக்கும் 'அழுக்கு' என்ற சொல் இருக்கிறது. கக்காவை அதன் வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டயப்பரில் போனாலும், "வயிறு லேசாயிடுச்சா? நல்லது" என்று சொல்லிக் கழுவிவிடுங்கள். ஃபிளஷ் சத்தத்துக்குப் பயந்தால் அவன் வெளியே போன பிறகு இழுங்கள்.

பள்ளி விஷயம். ஜூனுக்குள் முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் மறைக்காதீர்கள். வகுப்பு ஆசிரியையிடம் நேரில் போய், "இவனுக்கு மலச்சிக்கலுக்கு மருந்து நடக்கிறது, ஒண்ணுக்குச் சொல்லிவிடுவான், எப்போதாவது கறை படலாம், திட்டாதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். தேவையானால் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளலாம். எல்.கே.ஜி. பல பள்ளிகளில் அரை நாள்தான். காலையில் அரை மணி நேரம் முன்னதாக எழுப்பிச் சாப்பிட வைத்து, உட்கார வைத்து அனுப்பினால் பெரும்பாலான குழந்தைகள் பள்ளி நேரத்தில் மலத்துக்குக் கேட்பதே இல்லை. கொக்கியும் பெல்ட்டும் உள்ள சீருடைக்குப் பதில் எலாஸ்டிக் வைத்த டவுசர் தைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். பையில் இரண்டு ஜட்டி, ஒரு கவர். அங்கே இருக்கும் ஆயாம்மாவை முன்கூட்டியே அவனுக்கு அறிமுகம் செய்து வையுங்கள். ஒண்ணுக்கு வந்தால் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அதையும் அடக்க ஆரம்பிக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். இவ்வளவுக்கும் பள்ளி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சில மாதம் தள்ளிச் சேர்ப்பதால் அவன் படிப்புக்கு எதுவும் வந்துவிடாது. அவனைப் பயமுறுத்த மட்டும் பள்ளியின் பெயரை எடுக்காதீர்கள்.

ராத்திரி டயப்பரை இப்போது தொடவே வேண்டாம். தூக்கத்தில் சிறுநீரை அடக்குவது பழக்கி வருவதில்லை, வளர்ந்து வருவது. ஐந்து வயதுவரை படுக்கை நனைவதை நாங்கள் நோயாகவே கணக்கில் எடுப்பதில்லை. நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை முன்னால் அழுத்துவதாலும் நனையும். மலச்சிக்கல் தீர்ந்தால் இதுவும் ஓரளவு குறையலாம்.

கணவருக்கு ஒன்பது மணி ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையை அவரிடம் கொடுத்துவிடுங்கள். அப்பா போகும்போது கூடவே போய்ப் பார்த்து, "அப்பாவும் இப்படித்தான் உட்காருவேன்" என்று கேட்பதில் ஆண் குழந்தை கற்றுக்கொள்வது அதிகம். அந்த நேரத்தில் பாப்பாவும் தூங்கினால் நீங்களும் கொஞ்சம் தூங்குங்கள்.

மருத்துவரிடம் போகும்போது ஒரு தாளில் சில விவரங்களை எழுதி எடுத்துப் போங்கள். பிறந்து எத்தனை மணி நேரத்தில் முதல் மலம் போனான்? இரண்டு நாளைத் தாண்டியிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், பிறவியிலேயே குடல் நரம்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வயிறு உப்பி வாந்தி எடுக்கிறானா, எடை ஏறாமல் இருக்கிறதா, கால்களில் பலக்குறைவு உண்டா, முதுகின் அடிப்பகுதியில் குழியோ முடிக்கற்றையோ தெரிகிறதா, ரத்தம் கோடாக இல்லாமல் கலந்து வருகிறதா, இவையும் அப்படியே. இவற்றில் எது இருந்தாலும் நான் மேலே சொன்னதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். கடைசி இரண்டு வாரத்தில் எந்தெந்தத் தேதியில் போனான், எந்தப் பதத்தில் போனான், ஒரு நாளைக்கு எத்தனை முறை பால் என்பதையும் எழுதுங்கள். எழுதியதை மருத்துவர் கையில் கொடுத்துவிடுங்கள், வாயால் படிக்க வேண்டாம். உங்கள் மகன் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பான்.

அன்புடன்,
டாக்டர்